மூன்று ஜோடிக் காலுறைகள்

பந்து கோல்கம்பத்துக்கு மேலே பறந்து போய்விட்டது. நல்ல வாய்ப்பு, எளிய வாய்ப்பும்கூட. ஆட்டம் முடிந்தபின் அந்த இளைஞர் தன் மேலாளரிடம் போய்க் கேட்டார்: அடிக்கும்போது நான் காலை வைத்த விதம் தவறா, உடல் சாய்ந்திருந்தது தவறா, பந்து ஏன் மேலே போயிற்று? மேலாளருக்கு அப்படியொரு கேள்வி எதற்கு என்றே விளங்கவில்லை. அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போனால் போதும் என்று சொல்லிவிட்டார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களில், இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில், பர்ன்லி என்ற பஞ்சாலை நகரத்தின் அணியில் நடந்தது இது. கேட்டவர் ஜிம்மி ஹோகன். அந்தப் பதிலைப் பற்றி அவர் முதிய வயதிலும் பேசினார். தானே யோசித்துக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று முடிவுசெய்தது அன்றைக்குத்தான் என்பார்.

கால்பந்து வரலாறு எழுதுகிறவர்கள் ஹோகனைச் சொந்த ஊர் மதிக்காத தீர்க்கதரிசியாக எழுதுவது வழக்கம். இங்கிலாந்து அவரைத் துரத்தியது, ஐரோப்பா அவரை ஏந்திக்கொண்டது, முடிவில் அவர் கற்பித்த ஹங்கேரி வந்து இங்கிலாந்தைத் தோற்கடித்தது. கதை இவ்வளவு வடிவாக அமைந்துவிடுவதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. நன்றிகெட்டதனம் எல்லா நாட்டிலும் உள்ளதுதான். அதைச் சொல்வதற்கு ஹோகனின் வாழ்க்கை தேவையில்லை. அந்த மேலாளரின் பதிலில் நன்றிகெட்டதனத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். திறமை என்பது பிறவியில் வருவது, அதைக் கற்பிக்க முடியாது, ஆகவே அதைப் பற்றிக் கேட்பது வீண்வேலை என்கிற கொள்கை அது. அறியாமை என்றால் போக்கிவிடலாம். ஒரு கொள்கையாக இறுகிவிட்ட அறியாமையை என்ன செய்வது?

*

ஹோகன் 1882இல் நெல்சன் என்ற சிறுநகரில், அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அதற்காக மான்செஸ்டரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பினார். பையன் பந்தோடு திரும்பி வந்தான்.

அவன் நுழைந்த தொழில் எப்படிப்பட்டது என்பதைப் பார்த்துவிட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு ஆடுவதை இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 1885இல்தான் அனுமதித்தது. லீக் போட்டிகள் 1888இல் தொடங்கின. 1901இல் ஆட்டக்காரரின் சம்பளத்துக்கு உச்சவரம்பு விதித்தார்கள்: வாரத்துக்கு நான்கு பவுண்ட். எத்தனை ஆயிரம் பேர் பார்க்க வந்தாலும், எத்தனை கோல் போட்டாலும், அதற்கு மேல் இல்லை. பெரும்பாலான கிளப்புகளில் யார் ஆடுவது என்பதில் இயக்குநர்களின் கைதான் ஓங்கியிருந்தது. நகரத்து வியாபாரிகளும் ஆலை முதலாளிகளும்தான் அந்த இயக்குநர்கள். மேலாளர் என்பவர் பெரும்பாலும் கணக்கெழுதிக் கடிதம் போடும் செயலாளர். பயிற்சியாளர் என்று இருந்தவரோ அடிபட்டவருக்குத் தண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்.

வாரம் முழுவதும் நடந்த பயிற்சி, மைதானத்தைச் சுற்றி ஓடுவது. பந்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள். வாரநாட்களில் பந்து கிடைக்காவிட்டால்தான் சனிக்கிழமை அதன்மேல் பசி இருக்கும் என்பது அன்றைய ஞானம். ஒரு தச்சனிடம் ஆறு நாள் உளியைக் கொடுக்காமல் வைத்திருந்து, ஏழாம் நாள் சிற்பத்தேர் செய்யச் சொல்வதுபோல. இதை வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ஆலையில் தொழிலாளியைக் கைகளாகப் பார்த்த கண்தான் மைதானத்தில் அவனைக் கால்களாகப் பார்த்தது. கால்கள் வலுவாக இருக்கின்றனவா, ஓடுகின்றனவா என்பதே கேள்வி. அவை ஏன் என்று கேட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஹோகன் பெரிய ஆட்டக்காரர் இல்லை. முன்வரிசையில் வலப்பக்கம் ஆடுகிற, திறமையும் உழைப்பும் உள்ள நடுத்தர ஆட்டக்காரர். பர்ன்லியிலிருந்து நெல்சன், அங்கிருந்து லண்டனின் ஃபுல்ஹாம். ஃபுல்ஹாமில் அவருக்கு ஒரு நல்லது நடந்தது. அங்கே மேலாளராக இருந்த ஹாரி பிராட்ஷா ஸ்காட்லாந்து பாணியை விரும்பியவர். பந்தைத் தூக்கி அடித்துவிட்டு அதன்பின்னால் கூட்டமாக ஓடுவது இங்கிலாந்து முறை என்றால், தரையோடு தரையாக ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்குக் கடத்திச் செல்வது ஸ்காட்லாந்து முறை. பின்னால் அவர் ஐரோப்பாவெங்கும் கொண்டுபோனதன் விதை இதுதான். 1908இல் அந்த அணி எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை போய், நியூகாசில் அணியிடம் ஆறு கோல் வாங்கித் தோற்றது. முழங்கால் தொந்தரவு தொடங்கியிருந்தது. ஸ்விண்டனுக்கும் பிறகு போல்டன் வாண்டரர்ஸ் அணிக்கும் போனார்.

*

போல்டன் அணி ஹாலந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது டோர்ட்ரெக்ட் என்ற ஊர் அணியைப் பத்துக்குப் பூஜ்யம் என்று நொறுக்கியது. மற்ற ஆட்டக்காரர்களுக்கு அது ஒரு வேடிக்கையான மாலை. ஹோகனுக்கு மட்டும் வேறொன்று தோன்றியது: இவர்களுக்கு ஒருநாள் திரும்பி வந்து ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும். 1910இல் அதே ஊரிலிருந்து பயிற்சியாளர் வேண்டும் என்று செய்தி வந்தபோது இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய்விட்டார். வயது இருபத்தெட்டு.

அவருடைய மாணவர்கள் அங்கே கல்லூரிப் பிள்ளைகள், அலுவலர்கள். ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்பது அவர்களுக்கு அவமானமாக இல்லை. ஆட்டம் தங்களுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கரும்பலகையில் கோடு போட்டு விளக்கினார். பந்தை வைத்துக்கொண்டே பயிற்சி கொடுத்தார்.

1912இல் போல்டன்காரரான நடுவர் ஜேம்ஸ் ஹௌக்ராஃப்ட் மூலம் வியன்னாவின் ஹ்யூகோ மைஸ்லுக்கு இவர் பெயர் போய்ச் சேர்ந்தது. மைஸ்ல் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பல மொழி அறிந்தவர், வங்கி வேலையைவிடக் கால்பந்தை நேசித்தவர். ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்குக்கு ஆஸ்திரிய அணியைத் தயாரிக்க ஹோகன் வந்தார். முதலில் ஆட்டக்காரர்களுக்கு இவரைப் பிடிக்கவில்லை. பால பாடத்திலிருந்து தொடங்குகிறாரே என்றார்கள். மைஸ்ல் பொறுமையாக இருந்தார். இருவரும் இரவில் நெடுநேரம் உட்கார்ந்து ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். பாதிரியாராகியிருக்க வேண்டிய ஒரு லங்காஷயர்க்காரரும், வங்கியை விட்டுவர விரும்பிய ஒரு வியன்னாக்காரரும் இப்படிப் பேசியதில்தான் மத்திய ஐரோப்பியக் கால்பந்து உருவாயிற்று என்று சொன்னால் அது மிகைதான். ஆனால் பெரிய மிகை இல்லை.

1916இல் பெர்லினில் ஒலிம்பிக் நடக்கவிருந்தது. அதற்கு முன்னால் யுத்தம் வந்தது.

*

1914இல் வியன்னாவில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரியிடம் போய், குடும்பத்தோடு கிளம்பிவிடட்டுமா என்று ஹோகன் கேட்டார். அவசரமில்லை என்று பதில் கிடைத்தது. இரண்டொரு நாளில் போர்ப் பிரகடனம். எதிரி நாட்டவர் என்று கைதுசெய்தார்கள். மனைவியும் குழந்தைகளும் பின்னர் இங்கிலாந்து போய்ச்சேர்ந்தார்கள். ஹோகனை ஜெர்மனியில் ஒரு முகாமுக்கு அனுப்ப இருந்த நிலையில், வியன்னாவில் பெரிய கடை வைத்திருந்த பிளைத் சகோதரர்கள் அவருக்குப் பொறுப்பேற்றார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருடம் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு புடாபெஸ்டிலிருந்து அழைப்பு. எம்.டி.கே. கிளப்பின் துணைத்தலைவர் டிர்ஸ்டாய் பிரபு, கேம்பிரிட்ஜில் படித்தவர், தன் செல்வாக்கைப் பயன்படுத்தி இவரை வரவழைத்தார். காவல் நிலையத்தில் முறையாக ஆஜராக வேண்டும் என்பது நிபந்தனை. கிளப்பின் ஆட்டக்காரர்களில் பலர் போர்முனையில். ஆள் இல்லாத அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் என்ன செய்வார்? ஊர்ப் பூங்காவில் பள்ளிப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார். அவர்களில் இருவரைப் பொறுக்கியெடுத்தார்: ஜியார்ஜ் ஓர்த், யோசெஃப் ப்ரவுன். தினமும் பள்ளி விட்டதும் அந்த இருவரையும் மைதானத்துக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பந்தோடு பழக்கினார். இருவரும் பிற்காலத்தில் ஐரோப்பாவே அறிந்த ஆட்டக்காரர்கள் ஆனார்கள். எம்.டி.கே. 1917 முதல் 1925 வரை ஒவ்வொரு வருடமும் ஹங்கேரி சாம்பியன். ஹோகன் போர் முடிந்தவுடன் போய்விட்டார். ஆனால் அவர் போட்ட வழியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹோகன் ஹங்கேரிக்கு வருமுன் அங்கே யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்பதும் சரியல்ல. அதே எம்.டி.கே.யில் அவருக்கு முன்னால் ஜான் டெய்ட் ராபர்ட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தக் குறும்பாஸ் ஆட்டத்தை அறிமுகப்படுத்தியிருந்தார். ஹோகன் விதைத்தது உழுத நிலத்தில். அதனால் அவர் மதிப்புக் குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. எந்த நல்ல ஆசிரியரும் இன்னொருவர் விட்ட இடத்தில்தான் தொடங்குகிறார்.

*

போர் முடிந்து ஹோகன் வீடு திரும்பினார். கையில் காசில்லை. போரினால் பாதிக்கப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கால்பந்துச் சங்கம் 200 பவுண்ட் உதவி தருகிறது என்று கேள்விப்பட்டார். பயணச் செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் போனார். சங்கத்தின் செயலாளர் ஃபிரெடரிக் வால். 1895 முதல் அந்த நாற்காலியில் இருந்தவர். இனி வருவது ஹோகன் பிற்காலத்தில் சொன்னபடி: வால் உதவித் தொகை எதுவும் தரவில்லை. மூன்று ஜோடிக் காக்கிக் காலுறைகளை எடுத்துக் கொடுத்தார். போர்முனையில் இருந்த நம் பையன்களுக்கு இவையே பெரிய சந்தோஷமாக இருந்தன என்றார்.

ஒன்றும் கொடுக்காமல் அனுப்பியிருக்கலாம். அது மறுப்பு, அவ்வளவுதான். காலுறையைக் கொடுத்ததில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நீ எதிரியின் ஊரில் எதிரியின் பிள்ளைகளுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுத்தாய், இங்கே உன் வயதுக்காரர்கள் சேற்றில் நின்றார்கள் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பின் பின்னால் உண்மையான துக்கம் இருந்தது என்பதையும் மறுக்கக்கூடாது. பிள்ளைகளை இழந்த ஒரு தேசத்தின் கண்ணுக்கு, புடாபெஸ்டில் சாம்பியன் பட்டம் வென்று திரும்பியவர் எப்படித் தெரிவார்? ஆனாலும் ஹோகன் தானாக அங்கே தங்கவில்லை. சிறைக்கும் மைதானத்துக்கும் நடுவே நின்றபோது மைதானம் என்றார். அந்த இடத்தில் வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அந்தத் தலைமுறையில் ஹோகன் தனியாள் இல்லை. பிளாக்பர்ன் ரோவர்ஸில் ஆடி, காயத்தால் ஆட்டத்தை விட்ட வில்லியம் கார்பட் 1912இல் ஜெனோவாவுக்குப் போனார். இத்தாலியர்கள் இன்றும் பயிற்சியாளரை மிஸ்டர் என்று அழைப்பதற்கு அவர்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது. ஃபிரெட் பென்ட்லண்ட் போர்க்காலம் முழுவதும் பெர்லின் அருகே ருலேபென் முகாமில் அடைபட்டிருந்தவர். பிறகு ஸ்பெயினுக்குப் போய் அத்லெடிக் பில்பாவோவை வளர்த்தார். 1929இல் மாட்ரிட்டில் ஸ்பெயின் இங்கிலாந்தை நான்குக்கு மூன்று என்று வென்றபோது ஸ்பெயின் தரப்பில் உதவியாக இருந்தவர் அவர். ஐரோப்பாவின் ஒரு நாட்டிடம் இங்கிலாந்து தோற்ற முதல் ஆட்டம் அதுதான். இவர்கள் எவரும் இங்கிலாந்தின் மகத்தான ஆட்டக்காரர்கள் அல்ல. பிறவித் திறமையால் எல்லாம் வந்துவிடும் ஒருவருக்கு அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாது. பத்தில் ஒன்பது முறை தவறவிட்டவருக்குத்தான் தவறு எங்கே நிகழ்கிறது என்று தெரியும். நல்ல ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டாம் வரிசைக் கலைஞர்களிடமிருந்து வருவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

*

லிவர்பூலில் ஒரு புகையிலை நிறுவனத்தில் கொஞ்சகாலம் வேலை பார்த்துவிட்டு ஹோகன் மறுபடி கிளம்பினார். ஸ்விட்சர்லாந்து, திரும்பவும் புடாபெஸ்ட், பிறகு ஜெர்மனி.

டிரெஸ்டனில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு மண்டபத்தில் சொற்பொழிவு. ஹோகனின் ஜெர்மன் மொழி அரைகுறை. தப்பும் தவறுமாகப் பேசப்பேச அவையில் சிரிப்பு எழுந்தது. பத்து நிமிடம் இடைவேளை என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது பழைய போல்டன் அணியின் உடுப்பில் இருந்தார். பூட்ஸையும் காலுறையையும் கழற்றினார். உங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பந்தை உதைக்கத் தெரியாது என்று சொல்லி, வெறுங்காலால், வலக்காலால், பதினைந்து கஜ தூரத்தில் இருந்த மரப்பலகையில் ஓங்கி அடித்தார். எகிறி வந்த பந்தை இடக்காலால் அடித்தார். பலகை இரண்டாகப் பிளந்தது. அதன்பிறகு சிரிப்பு இல்லை.

இந்தச் சம்பவத்தைச் சாகசமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிவது ஓர் ஆசிரியரின் தவிப்பு. சொல்ல வேண்டியது இருக்கிறது, சொல் கைகொடுக்கவில்லை, எதிரே இருப்பவர்கள் கைநழுவிப் போகிறார்கள். அப்போது உடம்பைத்தான் முன்வைக்க முடியும். ஏறத்தாழ நாற்பத்தைந்து வயது மனிதர் நூற்றுக்கணக்கானோர் முன்னால் வெறுங்காலோடு நிற்கிறார். காலுறையைக் கொடுத்து அனுப்பியவர்களுக்கும் காலுறையைக் கழற்றிக் காட்டியவருக்கும் நடுவே உள்ள தூரம் இங்கிலாந்துக்கும் ஜெர்மனிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம்.

*

சரி, இங்கிலாந்தில் அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லையா? கிடைத்தது. இங்கேதான் தீர்க்கதரிசிக் கதை தடுமாறுகிறது.

1932 டிசம்பரில் மைஸ்லின் ஆஸ்திரிய அணி லண்டன் ஸ்டாம்ஃபர்ட் பிரிட்ஜ் மைதானத்துக்கு வந்து, இங்கிலாந்திடம் நான்குக்கு மூன்று என்று தோற்றது. தோற்ற அணியைத்தான் பத்திரிகைகள் வியந்தன. அந்த அணியைத் தயார்படுத்த மைஸ்லுக்குத் துணைநின்றவர் ஹோகன். 1934இல் ஃபுல்ஹாம் அவரை மேலாளராக அழைத்தது. முப்பத்தொரு ஆட்டம் முடிவதற்குள் வேலை போயிற்று. அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்தபோது விலக்கினார்கள். தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி எதற்கு என்று ஆட்டக்காரர்களே கேட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முதலாளிகள் மட்டுமல்ல, தொழிலாளிகளும் அந்தக் கொள்கையை நம்பினார்கள். அதில் அவர்களுடைய மானமும் இருந்தது. நான்கு பவுண்டில் தொடங்கிய உச்சவரம்பு அப்போது எட்டு பவுண்ட். அவ்வளவுதான் உன் விலை என்று சொல்லப்பட்ட ஒருவனுக்கு, இது என் பிறவித் திறமை, எவனும் எனக்குக் கொடுத்ததில்லை என்பதைத் தவிர வேறென்ன சொத்து? அதையும் ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கோபம் வராதா? ஃபுல்ஹாம் ஆட்டக்காரர்களை என்னால் முழுக்கக் குறைசொல்ல முடியவில்லை.

மீண்டும் வியன்னா. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் ஆஸ்திரியா வெள்ளி வென்றது. அதே வருடம் ஆஸ்டன் வில்லா கிளப் தன் வரலாற்றில் முதல்முறையாக இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருந்தது, ஹோகனை அழைத்தார்கள். 1938இல் வில்லா இரண்டாம் பிரிவின் சாம்பியனாகி மேலே ஏறியது, எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதிக்கும் போனது. ஆக, இங்கிலாந்திலும் அவர் வென்றார். வாய்ப்பும் நேரமும் கொடுத்த இடத்தில் வென்றார். அடுத்த யுத்தம் வந்து 1939இல் லீக்கையே நிறுத்திவிட்டது.

இந்த யுத்தம் அவருடைய ஐரோப்பாவையும் அழித்தது. மைஸ்ல் 1937இலேயே இறந்துவிட்டார். அடுத்த வருடம் அவருடைய ஆஸ்திரியாவே இல்லாமல் போயிற்று. யூத நடுத்தர வர்க்கத்தின் கிளப்பான எம்.டி.கே. 1940இல் மூடப்பட்டது. பூங்காவில் கண்டெடுத்த இருவரில் யோசெஃப் ப்ரவுன் யூதர். 1943இல் கட்டாய உழைப்புப் பிரிவில் இறந்தார். ஓர்த் தென் அமெரிக்கா போய்ப் பயிற்சியாளராகி, 1930இல் நடந்த முதல் உலகக்கோப்பையில் சிலி அணியை நடத்தியவர். எம்.டி.கே.யில் ஹோகனுக்குப் பிறகு பொறுப்பேற்ற டோரி குர்ஷ்னர் 1937இல் பிரேசிலின் ஃப்ளமெங்கோவுக்குப் போனார், 1941இல் அங்கேயே இறந்தார். ஒரு பாடசாலை கலைந்து உலகமெங்கும் சிதறியது. சிதறிய இடங்களில் சில முளைத்தன.

*

1953 நவம்பர் 25. வெம்ப்ளி. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பார்க்க, ஹங்கேரி ஆறுக்கு மூன்று என்று இங்கிலாந்தை வென்றது. முதல் நிமிடத்துக்குள் ஹிடெக்குட்டி முதல் கோலை அடித்தார். மொத்தம் மூன்று கோல் அவருடையவை. ஐரோப்பாவின் பெருநிலத்திலிருந்து வந்த எந்த அணியிடமும் இங்கிலாந்து அதுவரை சொந்த மண்ணில் தோற்றதில்லை. அடுத்த வருடம் மே மாதம் புடாபெஸ்டில் ஏழுக்கு ஒன்று.

ஆட்டத்துக்குப் பிறகு ஹங்கேரிக் கால்பந்துச் சங்கத் தலைவர் ஷாண்டோர் பார்ச், எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஜிம்மி ஹோகன் கற்றுத்தந்தது என்றார். அணியின் பொறுப்பாளர் குஸ்தாவ் செபெஷும், எங்கள் கால்பந்தின் வரலாற்றில் அவர் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னார்.

அழகான வார்த்தைகள். ஆனால் ஹோகன் ஹங்கேரியை விட்டுவந்து அப்போது இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஹிடெக்குட்டி முன்வரிசையின் நடுவிலிருந்து பின்னால் இறங்கி ஆடிய அந்தப் புதுமை ஹோகனுடையது அல்ல. மார்டோன் புகோவி போன்ற ஹங்கேரியர்கள் யோசித்து உருவாக்கியது. புஷ்காஷின் இடக்காலை எவரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. லண்டனில் நின்றுகொண்டு ஓர் ஆங்கிலேயரின் பெயரைச் சொல்வதில் பணிவோடு ஒரு குத்தலும் இருந்தது. உங்களிடம்தான் இருந்தார், நீங்கள் கவனிக்கவில்லை என்பது குத்தல். இங்கிலாந்தும் அந்தக் குத்தலை ஆசையோடு வாங்கிக்கொண்டது. தன்னைத்தானே சவுக்கால் அடித்துக்கொள்ள ஒரு பெயர் தேவைப்பட்டபோது ஹோகன் கிடைத்தார். சிலர் துரோகி என்றார்கள், பிறகு தீர்க்கதரிசி என்றார்கள். இரண்டுமே அவரை ஆளாகப் பார்க்காமல் அடையாளமாகப் பார்ப்பவைதான்.

அப்படியானால் செபெஷ் சொன்னதில் உண்மை இல்லையா? இருக்கிறது. ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது. செபெஷ் 1920களின் இறுதியிலிருந்து ஹோகனின் பழைய கிளப்பில் ஆடியவர். அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு பழக்கம் என்று நினைக்கிறேன். ஆட்டத்தைப் பற்றிக் கேட்கலாம், பேசலாம், பந்தோடு தினமும் உட்கார்ந்து யோசிக்கலாம், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கலாம் என்கிற பழக்கம். புகோவி யோசித்தது அந்தப் பழக்கத்தில் நின்றுதான். ஓர் ஆசிரியர் விட்டுச்செல்லும் உத்திகள் பத்து வருடத்தில் பழையதாகிவிடும். கேட்பதற்கான அனுமதியை விட்டுச்சென்றால் அது பல தலைமுறைக்கு வரும். பர்ன்லியில் அவருக்குக் கிடைக்காதது எதுவோ அதைத்தான் அவர் புடாபெஸ்டில் கொடுத்தார்.

அன்றைய இங்கிலாந்து அணியில் பெனால்டியில் மூன்றாவது கோலை அடித்த தடுப்பாட்டக்காரர் ஆல்ஃப் ராம்சி. நாட்டுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமும் அதுவே. அதுவரை இங்கிலாந்து அணியைத் தேர்ந்தெடுத்தது ஒரு குழு. ராம்சி மேலாளரானபோது, தேர்வு என் கையில் இருந்தால்தான் வருவேன் என்றார். 1966இல் உலகக்கோப்பை வந்தது. தோற்றவர்களில் ஒருவராவது கேள்வி கேட்டிருக்கிறார்.

*

ஹோகன் 1974 ஜனவரி 30 அன்று பர்ன்லியில், தொண்ணூற்றோரு வயதில் இறந்தார். ஐந்து மாதங்கள் கழித்து, ஜூலை 7 அன்று, மேற்கு ஜெர்மனி உலகக்கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன், டிரெஸ்டனில் சிறுவனாக ஹோகனிடம் கற்றவர். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்திலிருந்து ஹோகனின் மகனுக்கு வந்த இரங்கல் கடிதம், நவீன ஜெர்மன் கால்பந்தின் தந்தை என்று அவரைக் குறிப்பிட்டது.

தந்தை என்ற பட்டமும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. வெம்ப்ளி ஆட்டத்தை ஹோகன் எப்படிப் பார்த்தார் என்பது போதும். அவரை யாரும் விருந்தினராக அழைத்து முன்வரிசையில் உட்காரவைக்கவில்லை. எழுபத்தொரு வயதில் அவர் ஆஸ்டன் வில்லாவின் இளையோர் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன்களைக் கூட்டிக்கொண்டுதான் வெம்ப்ளிக்கு வந்திருந்தார். ஒரு நாடே தன் மானம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், கூட்டத்தின் நடுவே ஒரு கிழவர், பக்கத்தில் இருக்கும் பையனிடம், அதோ பார், அந்தக் காலை எங்கே வைத்தான் பார் என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பார். எனக்கு அப்படித்தான் கற்பனை செய்யத் தோன்றுகிறது. பழிதீர்ந்த மகிழ்ச்சியெல்லாம் அவருக்கு இருந்திருக்காது. பையன்களுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.